காலில் உறையும் குருதி: ஆழ்நாளக் கட்டிகளின் முன்னறிகுறிகளும் நமது வாழ்க்கைச் சூழலும்

முன்னுரை

கொழும்பு மாநகரின் தெற்கே காலி வீதியை ஒட்டி வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை, இரத்மலானை, மொறட்டுவை எனத் தொடரும் கரையோரப் பகுதி மக்களுக்கு வீங்கிய கால் புதிய காட்சியன்று. தேங்கிய கழிவு நீரிற் பெருகும் கியூலெக்ஸ் நுளம்புகள் பரப்பிய யானைக்கால் நோய், மேல், தென், வடமேல் மாகாணங்களின் கரையோரங்களில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. 1947ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கமும், 2002 முதல் 2006 வரை ஆண்டுதோறும் மக்கள் அனைவர்க்கும் மருந்து வழங்கிய திட்டமும் அந்நோயைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தின. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அந்நோய் இலங்கையில் நீக்கப்பட்டுவிட்டதென 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது.

நோய் அகன்றபோதிலும் அது விட்டுச் சென்ற நினைவு அகலவில்லை. இன்றும் ஒருவருடைய கால் வீங்கினால் முதியோர் வாயில் முதலில் வருஞ்சொல் யானைக்கால் என்பதே. அதற்கு அடுத்ததாக, 'நரம்பு பிடித்துவிட்டது', 'உளுக்கு', 'வாயு' ஆகிய விளக்கங்கள் வருகின்றன. இவ்விளக்கங்கள் யாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை நோயாளியைப் பொறுத்திருக்கச் செய்கின்றன. யானைக்கால் ஆண்டுக்கணக்கில் வளர்வது. உளுக்கு ஒரு கிழமையிற் குணமாவது. வாயு பத்தியத்தால் அடங்குவது. எனவே அவசரம் எதுவும் இல்லை என்ற எண்ணம் உண்டாகின்றது.

ஆயின் ஒரு கால் மட்டும் ஒரிரு நாட்களுக்குள் வீங்குமாயின், அது ஆழ்நாளத்திற் குருதி உறைந்து கட்டியானதன் அடையாளமாக இருக்கக்கூடும். அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். அவ்வாறு நிகழும் மரணம் பெரும்பாலும் 'மாரடைப்பு' என்ற பெயரிலேயே வீட்டாராலும் அயலாராலும் பேசப்படுகின்றது. இவ்வாறு நோய் வந்தபோது ஒரு பிழையான பெயரும், உயிர் போனபோது இன்னொரு பிழையான பெயரும் பெறுவதால், இந்நோய் நம் மக்களின் அறிவுக்கு எட்டாமலே இருந்து வருகின்றது. இந்நோயின் முன்னறிகுறிகளை விளக்குவதும், அது எத்தகைய வாழ்க்கைச் சூழலில் உருவாகின்றது என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

குருதி உறைதலின் இயல்பு

குருதி உறைதல் இயல்பாகவே நோயன்று. உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. கண்ணாடி விரியன் தீண்டியவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றால், அங்கு எளிய சோதனை ஒன்று செய்யப்படுவதைக் காணலாம். நோயாளியின் குருதியிற் சில மில்லிலீற்றரைத் துப்புரவான கண்ணாடிக் குழாயில் இட்டு 20 நிமிடம் அசைக்காது வைத்துப் பின் சரித்துப் பார்ப்பர். நலமுடையவரின் குருதி கட்டியாகிக் குழாயிலே தங்கும். நஞ்சேறியவரின் குருதியோ நீர்போல் வழியும். நஞ்சு குருதியின் உறைபொருள்களைச் செலவழித்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. உறையும் ஆற்றலை இழந்த மனிதன் உள்ளும் புறமும் குருதி கசிந்து மடிய நேரிடும்.

காயம் பட்டவிடத்து முதலில் குருதிச் சிறுதட்டுகள் ஒன்றுதிரண்டு துளையை அடைக்கின்றன. பின்னர் ஈரலில் உருவாகும் பல புரதங்கள் ஒன்றையொன்று தூண்டித் திரொம்பின் என்னும் நொதியம் தோன்றுகின்றது. அது குருதியிற் கரைந்துள்ள பைபிரினோசனைப் பைபிரின் என்னும் இழைகளாக மாற்றுகின்றது. இவ்விழைகள் வலைபோலப் பின்னிக் குருதிக் கலங்களைச் சிறைப்படுத்துவதாற் கட்டி உருவாகின்றது. காயம் ஆறியபின் வேறொரு நொதியம் அவ்விழைகளைத் துண்டாடிக் கரைத்துவிடுகின்றது. உறைதலும் கரைதலும் தராசின் இரு தட்டுகள்போல உடலிற் சமநிலையில் உள்ளன. காயமில்லாத இடத்தில், ஓடிக்கொண்டிருக்க வேண்டிய குருதி உறையத் தொடங்கும்போதே நோய் பிறக்கின்றது.

ஏன் காலில்?

இதயம் குருதியைக் கால்வரை தள்ளுகின்றது. ஆனால் காலிலிருந்து அது மேலே திரும்புவதற்கு இதயத்தின் உந்தல் மட்டும் போதாது. நாம் நடக்கும்போது கெண்டைத் தசைகள் சுருங்கித் தம்மிடையே உள்ள ஆழ்நாளங்களைப் பிழிகின்றன. நாளங்களுக்குள் இருக்கும் வால்வுகள் குருதியை மேல்நோக்கி மட்டுமே செல்ல விடுகின்றன. இதனாலேயே கெண்டைத் தசையை இரண்டாவது இதயம் என்று கூறுவதுண்டு. நாம் அசையாதிருந்தால் இவ்விரண்டாவது இதயம் நின்றுவிடுகின்றது. வால்வுகளின் மடிப்புகளிற் குருதி தேங்குகின்றது. கட்டி பெரும்பாலும் அங்குதான் தொடங்குகின்றது.

தோலின் கீழே நெளிந்தும் புடைத்தும் கண்ணுக்குத் தெரியும் நாளங்கள் வேறு. தசையின் ஆழத்திலுள்ள நாளங்கள் வேறு. முன்னையவற்றில் ஏற்படும் சுருள்நாள நோய் தொல்லை தருவதாயினும் பொதுவாக உயிரைப் பறிப்பதில்லை. ஆழ்நாளக் கட்டியோ வெளியே தெரியாதது, ஆபத்தானது. நம் பேச்சுவழக்கில் நாளம், நாடி, நரம்பு, தசைநார் ஆகிய யாவும் 'நரம்பு' என்ற ஒரே சொல்லாற் சுட்டப்படுவதால் இவ்வேறுபாடு மங்கிவிடுகின்றது. சொல்லின் குழப்பம் ஈண்டு சிகிச்சையின் குழப்பமாகவும் மாறுகின்றது என்பது கருதற்பாலது.

விர்கோவின் பங்களிப்பு

நுரையீரல் நாடியிற் காணப்படும் கட்டிகள் அங்கேயே தோன்றியவையல்ல, கால் முதலிய இடங்களின் நாளங்களில் உருவாகிப் பெயர்ந்து வந்தவை என்பதை நிறுவியவர் ஜேர்மனிய மருத்துவ அறிஞர் ருடோல்ப் விர்கோ (1821 - 1902) ஆவார். பிரேதப் பரிசோதனைகள் வாயிலாகவும் விலங்குகளிற் செய்த பரிசோதனைகள் வாயிலாகவும் 1840களின் பிற்பகுதியில் அவர் இதனை விளக்கினார்; 1856இல் வெளியான அவரது கட்டுரைத் தொகுதி இவ்வாய்வுகளை ஒருங்கே தந்தது. குருதி தேங்குதல், நாளச் சுவர் சிதைதல், குருதியின் உறையுந் தன்மை மிகுதல் என்ற மூன்று காரணங்களும் பிற்காலத்தவரால் அவர் பெயராலேயே வழங்கப்படலாயின. அவர் பிறந்த நாளாகிய ஒக்ரோபர் 13, 2014 முதல் உலகக் குருதிக்கட்டி நாளாக அனுட்டிக்கப்படுகின்றது.

இதே விர்கோ 1848இல் மேல் சைலீசியாவிற் பரவிய கொள்ளைக் காய்ச்சலை ஆராய அனுப்பப்பட்டபோது, அதற்கு மருந்தாகக் கல்வியையும் சுதந்திரத்தையும் பொருளியல் மேம்பாட்டையுமே பரிந்துரைத்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது. மருத்துவம் ஒரு சமூக விஞ்ஞானம் என்பது அவரது நிலைபேறான கொள்கை. அவருடைய இவ்விரு பணிகளையும் தனித்தனியாக நோக்கும் மரபே மிகுதி. ஆயினும் அவர் காட்டிய மூன்று காரணங்களுள் முதலாவதாகிய 'தேக்கம்' எப்பொழுது, எவர்க்கு ஏற்படுகின்றது என்று வினவத் தொடங்கினால், நாம் மீண்டும் சமூகத்தையே வந்தடைகின்றோம்.

காலிற் தோன்றும் முன்னறிகுறிகள்

அறிகுறிகளுள் முதன்மையானது ஒரு காலின் வீக்கம். 'ஒரு' என்ற சொல்லை இங்கு அழுத்திக் கூறவேண்டும். இரு கால்களும் ஒருங்கே வீங்குமாயின் இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றின் நோய்களையோ, குருதியமுக்கத்துக்கு உட்கொள்ளும் அம்லோடிப்பின் போன்ற மருந்துகளின் பக்கவிளைவையோ முதலில் எண்ணுவது பொருந்தும். ஒரு கால் மட்டும் நாட்கணக்கில் வீங்குவதே ஆழ்நாளக் கட்டியின் இயல்பு. மிக அரிதாகவே இரு கால்களிலும் கட்டி தோன்றும்.

இதனை வீட்டிலேயே அளந்தறியலாம். தையற்காரர் பயன்படுத்தும் அளவுநாடா போதுமானது. முழங்காலின் கீழ் முன்புறத்தே கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 சென்ரிமீற்றர் கீழே இரு கெண்டைகளின் சுற்றளவையும் அளக்க வேண்டும். வேறுபாடு 3 சென்ரிமீற்றருக்கு மேற்படின் அது மருத்துவர்களும் கருத்திற்கொள்ளும் அடையாளமாகும். கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தி எடுத்தாற் குழி விழுந்து நிற்பதும், அக்குழி ஒரு காலில் மட்டும் தோன்றுவதும் கவனிக்கத்தக்கன.

இரண்டாவது நோவு. பெரும்பாலும் கெண்டையிலோ தொடையின் உட்புறத்திலோ இறுக்கிப் பிடித்தாற்போன்ற வலி இருக்கும். நிற்கும்போதும் நடக்கும்போதும் அது மிகும். இரவில் வந்து சில நிமிடங்களில் விட்டுவிடும் கெண்டைப் பிடிப்பினின்றும் இது வேறுபட்டது. நாட்கணக்கில் விடாது நிற்பது. முழங்காலின் பின்பள்ளத்திலும் கெண்டையின் நடுவிலும் அழுத்தும்போது வலி தோன்றும். பாதத்தை மேல்நோக்கி மடக்கிக் கெண்டை வலிக்கின்றதா எனப் பார்க்கும் பழைய சோதனை முன்னர்ப் பெரிதும் போற்றப்பட்டது. வேறு நோய்களிலும் அவ்வலி தோன்றுமாதலாலும், கட்டியுள்ள பலரிடம் தோன்றாமையாலும் அதனை நம்பி முடிவு செய்தல் இன்று தகாததாகக் கருதப்படுகின்றது.

மூன்றாவது வெப்பம். கையின் புறப்பகுதியால் இரு கால்களையும் மாறிமாறித் தொட்டுப் பார்த்தால் நோயுற்ற காலிற் சூடு மிகுந்திருப்பதை உணரலாம்.

நான்காவது நிறமாற்றம். ஆங்கில நூல்களிலும் அவற்றின் வழிவந்த துண்டுப் பிரசுரங்களிலும் 'கால் சிவந்து காணப்படும்' என்றே எழுதப்பட்டுள்ளது. அந்நூல்கள் வெண்ணிறத் தோலைக் கருத்திற் கொண்டு எழுந்தவை. கரிய அல்லது மாநிறத் தோலில் அச்சிவப்புப் பெரும்பாலும் தெரிவதில்லை. மற்றைக் காலைவிடச் சற்றுக் கருமை அல்லது ஊதாச்சாயல் ஏறுதல், தோல் இழுபட்டு மினுங்குதல், இயல்பான சுருக்கங்கள் மறைதல், முன்னில்லாத மேல்நாளங்கள் புடைத்துத் தோன்றுதல் ஆகியவற்றையே நம்மவர் தேடவேண்டும். சிவக்கவில்லை என்பதால் அஞ்ச வேண்டியதில்லை என முடிவு செய்பவர் பிழைபடுவர்.

இவ்வடையாளங்கள் யாவும் ஒருங்கே தோன்றவேண்டும் என்பதில்லை. ஆழ்நாளக் கட்டி உடையோரிற் கணிசமானோர்க்குத் தெளிவான அறிகுறி எதுவும் இருப்பதில்லை. ஆதலால் அறிகுறிகளோடு அந்நபரின் அண்மைக்கால வாழ்க்கையையும் சேர்த்து நோக்குதல் இன்றியமையாதது. கடந்த சில கிழமைகளில் சத்திரசிகிச்சை செய்தவரா, காலுக்குச் சாந்துக்கட்டுப் போட்டவரா, படுக்கையிற் கிடந்தவரா, குழந்தை பெற்றவரா, நெடும்பயணம் செய்தவரா, புற்றுநோய் உடையவரா, முன்னர் ஒருமுறை கட்டி ஏற்பட்டவரா என்ற வினாக்களுக்கு 'ஆம்' என்ற விடை வருமாயின் சிறிய வீக்கமும் பெரிய பொருளுடையதாகின்றது.

மயக்கந்தரும் பிற நோய்கள்

யானைக்காலில் வீக்கம் மாதங்களும் ஆண்டுகளும் கொண்டு வளர்கின்றது. இடையிடையே காய்ச்சலும் அரையிடுக்கில் நெறிகட்டுதலும் தோன்றும். தோல் தடித்துக் கரடாகும். ஆழ்நாளக் கட்டியோ நேற்றில்லாத வீக்கத்தை இன்று காட்டுவது. தோலின் கீழ்த் திசுக்களில் ஏற்படும் கிருமித்தொற்றில் காய்ச்சலும் நடுக்கமும் முன்னிற்கும். காலிற் புண்ணோ வெடிப்போ காணப்படும். தசை கிழிந்திருப்பின் விளையாடும்போதோ படியேறும்போதோ திடீரென வலித்த கணத்தை நோயாளி நினைவுகூர்வார். முழங்காலின் பின்னுள்ள நீர்க்கட்டி வெடித்தாலும் கெண்டை வீங்கும். இவற்றைப் பிரித்தறிதல் தேர்ந்த மருத்துவருக்கும் எளிதன்று. ஆகவே வாசகர் இவ்வேறுபாடுகளை அறிவது தாமே நோயைத் தீர்மானிப்பதற்கன்று. மருத்துவரிடம் செல்லத் தயங்காமல் இருப்பதற்கே.

நுரையீரலை அடைந்தபின்

கட்டியின் ஒரு துண்டு பெயர்ந்தால் அது தொடை நாளம், வயிற்றின் பெருநாளம், இதயத்தின் வலப்புறம் ஆகியவற்றைக் கடந்து நுரையீரல் நாடியிற் சென்று அடைத்துக்கொள்கின்றது. திடீரென மூச்சு வாங்குதல், ஆழ மூச்சிழுக்கும்போது நெஞ்சிற் குத்துதல், இருமலிற் குருதி கலந்து வருதல், காரணமின்றி நாடித்துடிப்பு விரைதல், தலை சுற்றி மயங்கி விழுதல் ஆகியன அதன் அடையாளங்கள். சிலருக்குக் காலிற் குறி எதுவுமின்றி இவையே முதலிற் தோன்றும். இந்நிலையிற் காலை வரும்வரை காத்திருத்தல் கூடாது. 1990 என்ற இலக்கத்தில் அழைக்கக்கூடிய 'சுவசெரிய' நோயாளர் வண்டிச் சேவை கட்டணமற்றது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த சேவை அது. இரத்மலானையைச் சார்ந்தோர்க்குக் களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலையும், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வாசிகளுக்குக் கொழும்புத் தேசிய வைத்தியசாலையும் எட்டக்கூடிய தொலைவிலேயே உள்ளன.

நோயாளியின் விடாப்பிடி உயிர்காத்ததற்கு அண்மைக்காலச் சான்று ஒன்றுண்டு. புகழ்பெற்ற தெனிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017இல் சத்திரசிகிச்சை மூலம் குழந்தை பெற்ற மறுநாள் மூச்சு முட்டுவதை உணர்ந்தார். 2011இல் அவருக்கு நுரையீரலிற் கட்டி ஏற்பட்டிருந்தது. எனவே காரணத்தைத் தாமே ஊகித்துத் தமக்கு வேண்டிய சோதனையைச் செய்யுமாறு வற்புறுத்தினார். முதலிற் காலிற் செய்யப்பட்ட சோதனை எதையும் காட்டவில்லை. பின்னர் எடுக்கப்பட்ட ஊடுகதிர்ப்படத்தில் நுரையீரலிற் கட்டிகள் காணப்பட்டன. செல்வமும் புகழும் உள்ள ஒரு பெண்ணே வற்புறுத்த வேண்டியிருந்ததாயின், தன் நோயின் பெயரையே அறியாத ஏழைப் பெண்ணின் நிலையை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

தேக்கம் என்னும் சமூக நிலை

1940இல் இலண்டன் மாநகர் மீது ஜேர்மனிய விமானங்கள் குண்டுமாரி பொழிந்தபோது மக்கள் இரவு முழுவதும் நிலக்கீழ்ப் பாதுகாப்பிடங்களிற் சாய்கதிரைகளில் அமர்ந்தே உறங்கினர். கதிரையின் முன்சட்டம் தொடையின் பின்புறத்தை அழுத்திக்கொண்டிருந்தது. நுரையீரல் நாடியடைப்பால் ஏற்பட்ட திடீர் மரணங்கள் அக்காலத்தில் முந்திய ஆண்டின் அதே காலப்பகுதியைவிட ஆறு மடங்காகியிருந்ததைச் சட்ட மருத்துவ அறிஞர் கீத் சிம்சன் எடுத்துக்காட்டினார். கதிரைகளுக்குப் பதிலாகப் படுக்கைத் தட்டுகள் அமைக்கப்பட வேண்டும் என்பது அவரது பரிந்துரை. 2004இல் யப்பானின் நீகாத்தா மாநிலத்தில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது வீடிழந்து தம் மோட்டார் வண்டிகளுக்குள்ளேயே இரவுகளைக் கழித்தவர்களிடையேயும் இத்தகைய மரணங்கள் நிகழ்ந்தன. 2003இல் ஈராக்கியப் போர்க்களத்தில் நெருக்கமான கவச வண்டிக்குள் நாட்கணக்கில் இருந்து செய்தி அனுப்பிய அமெரிக்கப் பத்திரிகையாளர் டேவிட் புளூம் 39ஆவது வயதில் இதே நோயால் இறந்தார்.

1983 யூலை வன்செயல்களின்போது இரத்மலானை விமான நிலையத்தின் கூடங்களிலும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் ஆயிரக்கணக்கில் நெருங்கியிருந்த மக்களை நினைவிற் கொண்டோர்க்கும், பின்வந்த தசாப்தங்களில் வன்னியிலும் கிழக்கிலும் பதுங்குகுழிகளிலும் முகாம்களிலும் வாழ்ந்தோர்க்கும் இவ்வரலாறு அந்நியமானதன்று. அகதி முகாமுக்கு உணவும் உடையும் சேகரிக்கும் தொண்டர், முதியோரும் கர்ப்பிணிகளும் காலை நீட்டிப் படுப்பதற்கும் எழுந்து நடப்பதற்கும் இடமுண்டா என்பதையும் நோக்குதல் வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

அமைதிக் காலத்திலும் தேக்கத்துக்கான சூழல்கள் பல. இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு எயர் சிலோன் தன் முதற் சேவையைத் தொடங்கியது 1947 டிசம்பர் 10ஆம் திகதி. அக்காலத்து விமானப் பயணம் சில மணிநேரத்தில் முடிவது. இன்று வெள்ளவத்தையிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க ரொறன்ரோ செல்லும் மூதாட்டி, இடைத்தங்கலோடு ஏறத்தாழ ஒரு நாள் முழுவதையும் இருக்கையிற் கழிக்கின்றார். அடிக்கடி மலசலகூடம் செல்ல நேருமென்று கூச்சப்பட்டுத் தண்ணீர் அருந்துவதையும் குறைத்துக்கொள்கின்றார். அவ்வாறே வெள்ளவத்தையிலிருந்து இரவுதோறும் யாழ்ப்பாணம் புறப்படும் பேருந்துகளிலும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தை மடங்கிய காலோடு பயணிகள் கடக்கின்றனர். நான்கு மணிநேரத்துக்கு மேற்பட்ட பயணம் கட்டி ஏற்படும் வாய்ப்பை ஏறத்தாழ இரு மடங்காக்குகின்றது என்றும், இது விமானத்துக்கு மட்டுமன்றிப் பேருந்து, புகைவண்டி, மோட்டார் வண்டி ஆகியவற்றுக்கும் பொருந்தும் என்றும் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத்திட்டம் 2007இல் அறிவித்தது. நலமுள்ள ஒருவருக்கு நீண்ட விமானப் பயணத்தால் ஏற்படும் வாய்ப்பு 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவினதே. எனவே பயணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. முதுமை, அண்மைய சத்திரசிகிச்சை, புற்றுநோய், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, உடற்பருமன் ஆகியன சேரும்போதே அவ்வாய்ப்புப் பெருகுகின்றது.

தொழிற்சாலைகளையும் இங்கே கருதவேண்டும். இரத்மலானைத் தையற்கூடங்களிற் பொறியின் முன் அமர்ந்து மணிக்கணக்கில் தைக்கும் பெண், இலக்கத்தை எட்டவேண்டுமென்ற நெருக்கடியால் எழாதும் தண்ணீர் குடியாதும் இருப்பாளாயின், அவளிடம் 'மணிக்கு ஒருமுறை எழுந்து நடவுங்கள்' என்று கூறும் மருத்துவ அறிவுரை பொருளற்றதாகிவிடுகின்றது. எழுந்து நடக்கும் உரிமை அவள் கையில் இல்லை. இளமையும் உடலுழைப்பும் அவளுக்கு ஓரளவு காப்பளிப்பினும், கர்ப்ப காலத்தில் அக்காப்பு வெகுவாகக் குறைந்துவிடுகின்றது. இடைவேளையும் குடிநீரும் மலசலகூட வசதியும் தொழிற்சங்கக் கோரிக்கைகள் மட்டுமல்ல, மருத்துவத் தேவைகளுமாகும்.

தாய்மையும் வீட்டு வழக்கங்களும்

கருவுற்ற பெண்ணின் குருதி, மகப்பேற்றின்போது ஏற்படும் இழப்பைத் தாங்குவதற்காக இயல்பாகவே மிகுதியாக உறையுந்தன்மை அடைகின்றது. கட்டி ஏற்படும் வாய்ப்பு ஏனைய பெண்களோடு ஒப்பிட நான்கைந்து மடங்காகின்றது. குழந்தை பிறந்தபின் வரும் ஆறு கிழமைகளில் அது மேலும் மிகுதி. வயிற்றினுள்ளே இடக்காலின் நாளத்தை வலப்புற நாடி குறுக்கே அழுத்துவதாற் கர்ப்பிணிகளின் கட்டி பெரும்பாலும் இடக்காலிலேயே தோன்றுகின்றது. கர்ப்பத்திற் கால் வீங்குவது வழமைதானே என்று கருதி, இடக்கால் மட்டும் வீங்கியிருப்பதை விட்டுவிடுதல் கூடாது.

பிள்ளை பெற்றவளைப் பல நாள் படுக்கையிலேயே வைத்திருப்பதும், உடம்பு ஊதிவிடும் என்று தண்ணீரைக் குறைப்பதும் நம் சில வீடுகளில் இன்றும் உண்டு. ஓய்வும் அன்பும் கலந்த வழக்கம் அது. அதன் நோக்கம் நல்லதே. ஆயின் படுக்கையும் நீர்க்குறைவும் சேர்ந்தால் அவை விர்கோ கூறிய காரணங்களுள் இரண்டைத் தாமே உண்டாக்குகின்றன. காயச்சரக்கும் பத்தியக் கறியும் இருக்கட்டும். அவற்றோடு வேண்டிய அளவு நீரும் அறைக்குள் நடையும் இருக்கவேண்டும். வீடுதோறும் வந்து தாயையும் சேயையும் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தரிடம் காலைக் காட்டுவதற்குக் கூச்சப்படலாகாது.

இன்னொரு வழக்கம் இதனினும் ஆபத்தானது. வீங்கி நோகும் காலுக்கு நோவெண்ணெய் பூசி மேல்நோக்கி அழுத்தி உருவுதலே அது. சுளுக்குக்கு இதமாயிருக்கக்கூடிய இச்செயல், ஆழ்நாளத்திற் புதிதாகத் தோன்றிய கட்டியைப் பெயர்த்துவிடக்கூடும். ஒரு கால் திடீரென வீங்கிய நிலையில், காரணம் தெளிவாகும்வரை அதனை உருவாதிருப்பதே நன்று.

கண்டறிதலும் சிகிச்சையும்

ஐயமுற்ற மருத்துவர் முதலில் அறிகுறிகளுக்கும் சூழலுக்கும் புள்ளியிட்டு வாய்ப்பைக் கணிக்கின்றார். வாய்ப்புக் குறைவாயின் டி-டைமர் என்னும் குருதிச் சோதனை செய்யப்படும். பைபிரின் இழைகள் கரையும்போது மிஞ்சும் துண்டுகளை அளப்பது அது. அத்துண்டுகள் இயல்பான அளவுக்கு மேற்படாவிடின் கட்டி இல்லை எனப் பெரும்பாலும் கொள்ளலாம். மேற்படின் அதுமட்டும் கட்டியை நிரூபிக்காது. வாய்ப்பு மிகுதியாயின் நேரடியாகவே மீயொலிச் சோதனை செய்யப்படுகின்றது. கருவியால் அழுத்தும்போது நலமுள்ள நாளம் தட்டையாகும். கட்டியுள்ள நாளம் மடங்காது நிற்கும். வலியற்ற இச்சோதனை சில நிமிடங்களில் முடிவது.

சிகிச்சையின் வரலாறு சுவையானது. 1916இல் அமெரிக்க மாணவரான ஜே மக்லீன் உறைதலைத் தூண்டும் பொருளைத் தேடியபோது, உறைதலைத் தடுக்கும் பொருளொன்றைக் கண்டார். ஹெப்பாரின் என்னும் மருந்தின் தொடக்கம் அதுவே. கெட்டுப்போன புல்லை உண்ட மாடுகள் குருதி கசிந்து இறந்ததை ஆராய்ந்த கார்ல் லிங்க் என்பாரின் குழுவினர் அதற்குக் காரணமான பொருளை 1940 அளவிற் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த வார்பரின் 1948இல் எலிநஞ்சாக விற்பனைக்கு வந்து, 1950களில் மனிதருக்கு மருந்தாகியது. 1960இல் பிரித்தானியாவின் பிறிஸ்ரல் நகரில் பறிற், ஜோடன் ஆகிய இருவரும் நுரையீரல் நாடியடைப்பு நோயாளரிடையே நடத்திய ஆய்வில், இம்மருந்துகளைப் பெறாத 19 பேரில் ஐவர் அந்நோயால் இறந்தனர். பெற்ற 16 பேரில் எவரும் அந்நோயால் இறக்கவில்லை. இன்று றிவரொக்சபான், அபிக்சபான் முதலிய புதிய மாத்திரைகளும் வந்துள்ளன.

இம்மருந்துகள் கட்டியை உடனே கரைப்பன அல்ல. அது வளராமலும் புதியது தோன்றாமலும் தடுத்து, உடல் தானே கரைப்பதற்குக் காலம் தருவன. எனவே வீக்கம் வற்றியதும் மருந்தை நிறுத்துதல் தவறு. குறைந்தது மூன்று மாதமேனும் சிகிச்சை தொடரும். வார்பரின் எடுப்போர் முருங்கையிலை, வல்லாரை முதலிய கீரைகளை அறவே விலக்க வேண்டியதில்லை. அவற்றிலுள்ள விற்றமின் கே மருந்தின் வலுவைக் குறைப்பதால், உண்ணும் அளவை நாளுக்கு நாள் மாற்றாமல் ஒரே சீராக வைத்துக்கொள்ளுதலே வேண்டுவது. அஸ்பிரினைத் தாமாகவே வாங்கி விழுங்குவது இச்சிகிச்சைக்கு ஈடாகாது. இரைப்பையிற் குருதி கசியவும் அது காரணமாகலாம். உரிய சிகிச்சை பெற்றோரிலும் நூற்றுக்கு 20 முதல் 50 வரையானோர்க்குக் காலின் வால்வுகள் பழுதுபட்டு நெடுநாள் வீக்கமும் கணுக்காற் புண்ணும் எஞ்சுவதுண்டு. இவ்வெண்ணிக்கையைக் குறைப்பதற்கும் விரைந்து நோயை அறிவதே வழி.

ஆசிய மக்களுக்கு இந்நோய் அரிது என்ற கருத்து நெடுங்காலம் மருத்துவ உலகில் நிலவியது. ஆசிய நாடுகள் சிலவற்றில் இடுப்பு, முழங்கால் எலும்புச் சத்திரசிகிச்சை பெற்று, தடுப்பு மருந்து பெறாதவர்களிடையே நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வில், நாளங்களைப் படமெடுத்துப் பார்த்தபோது நூற்றுக்கு 41 பேரிடம் கட்டிகள் காணப்பட்டன. அவற்றுட் பல வெளியே குறிகாட்டாதவை. தேடாததாற் காணப்படாத ஒன்றை இல்லாததாகக் கருதிய பிழை இதனால் வெளிப்பட்டது.

முடிவுரை

பிரான்சிய மருத்துவர் ஆர்மண்ட் துரூசோ, காரணமின்றித் தோன்றும் நாளக்கட்டி உள்ளே மறைந்திருக்கும் புற்றுநோயின் முன்னறிவித்தலாக இருக்கலாம் என்று 1865இல் எடுத்துரைத்தார். ஈராண்டுகளுக்குள் அதே அடையாளத்தைத் தம் உடலிலேயே கண்டு, தமக்குப் புற்றுநோய் இருப்பதை உணர்ந்து, 1867இல் இரைப்பைப் புற்றுநோயால் அவர் மறைந்தார். அறிகுறியை அறிந்திருந்தும் அக்காலத்தில் அவருக்குச் சிகிச்சை இல்லை. இன்று நம்மிடம் சிகிச்சை உண்டு. கட்டணமற்ற மருத்துவமனைகளும் உண்டு. குறைவாக இருப்பது அறிகுறியைப் பற்றிய அறிவும், அவ்வறிவின்படி நடப்பதற்கான வாய்ப்புமே.

அறிவைப் பரப்புதல் நம்மைப் போன்ற மாணவர், ஆசிரியர் சங்கங்களாற் செய்யக்கூடியது. தமிழில் எழுதப்பட்ட, நம் தோலின் நிறத்தையும் நம் வீட்டு வழக்கங்களையும் கருத்திற்கொண்ட சிறு துண்டுப் பிரசுரம் ஒன்றை மகப்பேற்று விடுதிகளிலும் இரவுப் பேருந்து நிலையங்களிலும் தொழிற்சாலை வாயில்களிலும் வழங்குதல் பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. வாய்ப்பை உருவாக்குதலோ அதனினும் பெரிய பணி. ஒருத்தி தன் காலை நீட்டவும், எழுந்து நடக்கவும், தண்ணீர் குடிக்கவும், நோவென்று சொன்னால் நம்பப்படவும் உரிய சூழலை அமைத்தலே அப்பணி. ஒரு கால் மட்டும் வீங்கிய நிலையில் உங்கள் இல்லத்தில் எவரேனும் இருப்பின், இக்கட்டுரையை வைத்துவிட்டு முதலில் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்க.